காட்சியும் சக்கரக் கட்டையும்: மலைப்பாதை, கடற்கரை, பயண நினைவு குறித்துச் சில குறிப்புகள்

கொடைக்கானலுக்கு நான் முப்பது முறைக்குக் குறையாமல் போயிருக்கிறேன். ஒரு புகைப்படத்தில்கூட இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை; ஒரு தகவலாக, இந்தக் கட்டுரையின் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்கிறேன். விடுமுறைப் பயணம் பற்றிய நினைவு நம் சூழலில் பெரும்பாலும் ஆல்பத்தை விரித்துவைத்துக்கொண்டு பேசப்படுவது. ‘இது தூண் பாறை, இது போட் ஹவுஸ், இது நீ அழுதது’ என்று விரல் ஊன்றிப் போகிற அந்தக் கதையாடலுக்குள் நுழைய என்னிடம் ஆல்பம் இல்லை. நான் போனவை டூர் அல்ல, டிரிப். வண்டித் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் விளக்காமலே புரியும். டூர், பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் போவது. டிரிப், முன்னால் உட்கார்ந்திருப்பவர் அடிப்பது. ‘இந்த மாசம் எத்தன டிரிப் அடிச்ச?’ என்றுதான் கேட்டுக்கொள்வார்கள்.

அப்பா வத்தலக்குண்டில் ஒரு முதலாளியிடம் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். மே மாதம் சீசன். சீசனில் கிளீனர் பையன்கள் கொஞ்சம் பேட்டா கூடக் கிடைத்தால் வேறு வண்டிக்கு மாறிவிடுவார்கள். 1999 முதல் 2003 வரை ஐந்து கோடை விடுமுறைகளில் அந்த இடத்தில் நான் இருந்தேன். ‘சும்மா வெயில்ல சுத்துறதுக்கு வண்டில வரட்டும், நாலு எடம் பாத்தாப்ல இருக்கும்’ என்று அம்மாவிடம் சொல்லி அழைத்துப்போனார். நாலு இடம் பார்த்தேன் என்பது உண்மை. எப்படிப் பார்த்தேன் என்பதுதான் பேசவேண்டியது.

டம் டம் பாறை என்று ஓர் இடம் உண்டு. வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிற வண்டிகள் வழக்கமாக முதலில் நிறுத்துவது அங்கேதான். எதிரே எலிவால் அருவி, தலையாற்று அருவி என்றும் சொல்வார்கள், 297 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளை நூலாக விழும். கீழே மஞ்சளாறு அணை. வண்டி நின்றதும் குடும்பம் முழுக்கக் கம்பித் தடுப்பை நோக்கி ஓடும். நான் பின்சக்கரத்தை நோக்கி ஓடுவேன், கட்டை போட. கட்டை என்பது ஆப்பு வடிவில் செதுக்கிய மரத்துண்டு. கைப்பிரேக்கை நம்பாத பழைய ஓட்டுநர்கள் சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் அதைச் செருகும்வரை இருக்கையைவிட்டு இறங்கமாட்டார்கள். அதற்குப் பிறகு, வளைவுகளில் வாந்தி எடுத்த குழந்தையின் இருக்கையைத் துடைக்கவேண்டும். குடத்தில் தண்ணீர் பிடிக்கவேண்டும். மேலே கேரியரில் தார்ப்பாய் நெகிழ்ந்திருக்கிறதா என்று ஏறிப் பார்க்கவேண்டும். எல்லாம் முடிந்து நிமிர்கிற நேரத்தில் யாராவது கூப்பிடுவார்கள்: ‘தம்பி, இதக் கொஞ்சம் அமுக்கு. அருவி தெரியணும்.’ முப்பத்தாறு படச் சுருளில் மூன்றோ நான்கோ நான் எடுத்தவையாக இருக்கும். ஆக, பல ஊர்களில் பீரோக்களுக்குள் கிடக்கும் கொடைக்கானல் நினைவுகளில் ஒரு சிறு பகுதி என் விரலால் தயாரானது. அருவியை நான் பார்த்ததும் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகத்தான், பிறரின் தலைகளுக்கு மேலே எஞ்சிய இடத்தில்.

*

‘காட்சி’ என்கிற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். தமிழில் இது நெடுங்காலம் காண்பவரின் செயலைக் குறித்த சொல். சைவ சித்தாந்த அளவையியலில் காட்சி என்பது அறிதலின் ஒரு வழி. குறளில் அது தெளிந்த அறிவு. புறத்திணையில் நடுகல்லுக்கான கல்லைத் தேர்ந்து காண்பது காட்சி. கால்கொள்வதும் நீர்ப்படுத்துவதும் நடுவதும் அதைத் தொடர்ந்து வரும். அங்கே காண்பது ஒரு வேலைத் தொடரின் முதல் வேலை. மலைச்சாலையில் ‘காட்சிமுனை’ என்று பலகை வைக்கும்போது நடந்திருப்பது வேறு. காட்சி இப்போது காண்பவரிடம் இல்லை; இடத்தின் சொத்தாகிவிட்டது. அது அங்கே ஏற்கனவே இருக்கிறது, நாம் போய் எடுத்துக்கொள்ளவேண்டியதுதான் என்றாகிறது. செயல் பொருளாகும்போது செய்தவர் மறைந்துபோவார் என்பது பண்டம் குறித்து மார்க்ஸ் சொன்னது. ‘இயற்கைக் காட்சி’யும் அப்படிப்பட்ட பண்டந்தான்.

இந்த இடத்தில் சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையைத் திரும்ப வாசிப்பது பயன்தரும். எம்.ஏ. வகுப்பில் இதைப் பத்தினி வழிபாடு, வடதிசைப் படையெடுப்பு என்று நடத்தி முடித்துவிட்டார்கள். கதையின் தொடக்கத்தில் நடப்பது என்ன? சேரன் செங்குட்டுவன் தேவியோடும் சுற்றத்தோடும் மலைவளம் பார்க்கக் கிளம்புகிறான். சுருக்கமாகச் சொன்னால் டூர். பேரியாற்றங்கரையில் தங்குகிறார்கள். மலைக்குறவர்கள் யானைத் தந்தம், அகில், தேன், சந்தனம் என்று தலையில் சுமந்துகொண்டு வருகிறார்கள். அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. வந்தவர்கள்தாம் சொல்கிறார்கள்: வேங்கை மரத்தடியில் ஒரு முலை இழந்து நின்ற பெண்ணை எங்கள் கண்ணால் கண்டோம் என்று. மலையைப் பார்க்க வந்தவன் மன்னன். மலையில் எதையாவது கண்டவர்கள் சுமை தூக்கி வந்த குறவர்கள். மன்னனின் காட்சி அவர்கள் வாய்வழியாகத்தான் அவனுக்குக் கிடைக்கிறது. அதற்குப் பின் கல், கோயில், வேள்வி என்று கதை பெரிதாகப் பெரிதாகக் குறவர்கள் பின்னுக்குப் போகிறார்கள். காவியத்தின் அமைப்புக்கு அது தேவை என்பார்கள். இருக்கட்டும். யார் கண்டார், யாருடைய பெயரில் அது காட்சி ஆனது என்ற கேள்வி மட்டும் எனக்கு அங்கிருந்துதான் பிடிபட்டது.

மேலைக் கோட்பாட்டில் இதற்கு நல்ல துணைகள் உண்டு. ரொலான் பார்த் 1957இல் நூலாக வந்த ‘மிதாலஜீஸ்’ கட்டுரைகளில் ஒன்றில் பிரெஞ்சுப் பயண வழிகாட்டி நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த நூலுக்கு மலையும் பள்ளத்தாக்கும் நினைவுச்சின்னங்களும் மட்டுமே தெரிகின்றன, அங்கு வாழ்கிறவர்கள் வெறும் ‘வகைமாதிரி’களாகச் சுருங்கிவிடுகிறார்கள் என்று காட்டினார். ஜான் அர்ரி 1990இல் எழுதிய நூலில் சுற்றுலாப் பயணியின் பார்வை இயல்பானது அல்ல, சமூகத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டது என்றார்: எதைப் பார்ப்பது, எங்கே நின்று பார்ப்பது, எதைப் பார்க்காமல் விடுவது என்பதெல்லாம் நாம் பஸ் ஏறுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. இவர்களைவிட எனக்கு நெருக்கமானது 1995இல் வில்லியம் கிரோனன் தொகுத்த ஒரு நூலில் ரிச்சர்ட் ஒயிட் எழுதிய கட்டுரை. இயற்கையை ஓய்வில் பார்ப்பவர்களே அதை அறிந்தவர்களாகத் தம்மை நினைத்துக்கொள்கிறார்கள், உடலுழைப்பின் மூலம் இயற்கையை அறிந்தவர்களின் அறிவு கணக்கில் வருவதே இல்லை என்பது அவர் வாதம். சரிதான். ஆனால் ஒயிட்டின் மரம் வெட்டியும் விவசாயியும் நிலத்தின்மீது வேலை செய்பவர்கள். அப்பா நிலத்தின்மீது வேலை செய்யவில்லை. நிலத்தை ஓய்வாகப் பார்ப்பவர்களின்மீது வேலை செய்தார். அவரை எந்தப் பக்கம் வைப்பது?

அவர் மலையை அறிந்தது கியரால். ‘இது ரெண்டாங் கியர் வளைவு, இது ஒண்ணு’ என்பார். எங்கே மோட்டார் முக்கும், எங்கே பிரேக் கட்டையின் தீய்ந்த வாசனை வரும், எந்த வளைவில் பஸ்காரன் ஆரன் அடிக்காமல் வருவான், எந்தக் கடையில் ஆட்களை இறக்கிவிட்டால் ஓட்டுநருக்குச் சாப்பாடு சும்மா, எந்தப் பாறையடியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் சொட்டும் என்பதெல்லாம் அவருடைய மலை. ‘ஏறுன கியர்லதான் எறங்கணும்’ என்பது அவர் எனக்கு ஒப்படைத்த ஒரே சூத்திரம். இந்த மலையில் அருவி கிடையாது என்று சொல்லமாட்டேன். அருவிக்கு இறங்குகிறவர்களால் வரும் இருபது நிமிடம் உண்டு. அந்த இருபது நிமிடத்தில் ஸ்டியரிங்கின்மேல் தலை வைத்துத் தூங்குவார்.

*

அந்த அருவி எப்படி வந்தது என்று பார்ப்போம். எலிவாலைச் சொல்லவில்லை. கொடைக்கானலுக்கு 8 கிலோமீட்டர் முன்னால் சாலையோரத்தில் விழும் வெள்ளி அருவியைச் சொல்கிறேன். சோளக்கதிரும் கேரட்டும் விற்கும் இடம், குரங்குகள் பிடுங்கும் இடம், மேலே போகும் ஒவ்வொரு வண்டியும் நின்று போகும் இடம். அது கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிந்து வருகிற தண்ணீர். அந்த ஏரி 1863இல் மதுரை ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் சதுப்பு நிலத்தில் ஓடைகளை மறித்துக் கட்டியது. மலையின் முகம் என்று நாம் அட்டைப்படங்களில் பார்க்கும் நட்சத்திர வடிவ ஏரி ஓர் அதிகாரியின் பொதுப்பணி. வெள்ளி அருவி அதன் உபரிநீர். ஊசியிலைக் காடு என்று சினிமாப் பாட்டுகளில் ஓடும் இடமும் அப்படியே: பைன் இந்த மலையின் மரம் அல்ல, நட்டு வளர்த்தது. தைலமரமும் சீகை மரமும் சேர்ந்து பழனி மலையின் சோலைகளுக்கு நடுவிலிருந்த புல்வெளிகளைப் பெருமளவு விழுங்கிவிட்டன. இதில் ஒரு முரண் இருக்கிறது. புல்வெளியை யாரும் காட்சிமுனை என்று நிறுத்திப் பார்ப்பதில்லை. ‘மொட்டையா இருக்கு’ என்பார்கள். பைன் நட்ட பிறகுதான் அது ‘இயற்கை’ ஆயிற்று.

சாலைக்கும் வயது உண்டு. அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியது 1845இல். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலை முழுமையானது 1914 வாக்கில். இடைப்பட்ட காலத்தில் துரைமார்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் எப்படி ஏறினார்கள்? 1875இல் வந்த அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து, பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைந்து, அங்கிருந்து குதிரையில் அல்லது டோலியில். டோலி என்றால் ஆட்கள் தோளில். நான் சின்னப் பையனாக ‘காட் ரோடு’ என்பதைக் ‘காட்டு ரோடு’ என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகுதான் அது ஆங்கிலேயர் வடக்கிலிருந்து கொண்டுவந்த சொல் என்று தெரிந்தது. டோலி தூக்கியவர்களைப் பற்றித் துரைசானிமாரின் கடிதங்களில் என்ன இருக்கும் என்று ஊகிக்க அதிகக் கற்பனை வேண்டாம். தூக்கியவர்கள் எதைப் பார்த்தார்கள்? முன்னால் போகிறவனின் குதிகாலைத்தான் பார்த்திருப்பார்கள். கால் வைக்கும் இடத்தைப் பார்க்காமல் பள்ளத்தாக்கைப் பார்த்தவனால் டோலி தூக்கியிருக்க முடியாது. ஓட்டுநருக்கும் இதே விதிதான்.

இந்தத் தொழில் விதிக்குத் தமிழ்க் கவிதையியலில் ஒரு முன்னுரு இருக்கிறது. நம்மவர்கள் சுற்றுச்சூழல் என்று பேச ஆரம்பித்ததுமே திணைக்குப் போய்விடுகிறார்கள். திணைக் கோட்பாட்டில் நிலம் மனிதரிலிருந்து பிரியவில்லை, கருப்பொருளில் தொழிலும் உணவும் பறையும் உண்டு என்கிறார்கள். உண்மை. கா. சிவத்தம்பி 1970களிலேயே திணையைப் பொருளாதார அடித்தளத்தோடு வைத்துப் பேசியவர். ஆனால் அதே தொல்காப்பியம் அகத்திணையியலில் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குள் தலைமக்களாக அனுமதிக்கவில்லை. கைக்கிளை, பெருந்திணை என்று புறத்தே அனுப்புகிறது. அதாவது மீன் உணக்குவது கருப்பொருளாக இருக்கலாம். உணக்குகிறவள், பிறர் ஏவலில் வேலை செய்கிறவளாக இருந்தால், நெய்தலின் தலைவியாக முடியாது. உழைப்பு காட்சிக்குள் வரும். உழைப்பவரின் உள்ளம் அந்தக் காட்சியோடு பொருந்தும் உரிமை பெறாது. ‘திணை’யை மீட்டெடுப்போம் என்று கூட்டம் போடுபவர்கள் இந்த நூற்பாவையும் கையோடு எடுத்துவந்தால் நல்லது.

*

பொது நிலம் என்ற ஒன்று இருப்பதால்தானே எல்லாரும் போய்ப் பார்க்க முடிகிறது, அதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும். நம் மொழியில் பொது நிலத்துக்கு என்ன பெயர்? ஒன்று, புறம்போக்கு. வரிக் கணக்குக்குப் புறம்பாகப் போன நிலம்: மந்தை, களம், ஓடை, சுடுகாடு, கடற்கரை மணல். யாருக்கும் பட்டா இல்லாததால் ஊருக்குப் பயன்பட்ட நிலம். அந்தச் சொல் வசையாகிவிட்டது. வருவாய் தராத நிலமும் உதவாத மனிதனும் ஒரே பெயரில் திட்டப்படுகிறார்கள். மற்றொன்று, காப்புக்காடு. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்தின் பிள்ளை. அதற்குள் அனுமதியின்றி நுழைவது, மேய்ப்பது, தீ மூட்டுவது, விளைபொருள் எடுப்பது எல்லாம் குற்றம். பழனி மலைப் பளியர்கள் தேன் எடுத்த இடத்தில், கிழங்கு தோண்டிய இடத்தில் அத்துமீறியவர்கள் ஆனது இந்தக் காகிதத்தால். காடு முதலில் வேலி போடப்பட்டது, பிறகுதான் அழகானது என்ற வரிசை முக்கியம். அமெரிக்காவிலும் வரிசை இதுவே. யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் ஆயுதப்படை போய் அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளை விரட்டியது 1851இல். அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் அனைவரும் கண்டுகளிக்க என்று ஒதுக்கப்பட்டது 1864இல். ஆளில்லாத பேரழகு என்று உலகம் புகைப்படங்களில் பார்த்தது ஆள் நீக்கப்பட்ட இடத்தை.

இங்கே 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2013இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. இரண்டும் ஒரே மலையின்மேல். காட்டெருமைக்கு இடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோலை பிழைத்தால்தான் வைகைப் பக்கத்து ஊர்களுக்குத் தண்ணீர். ஆனால் காப்பது என்ற பெயரில் யாருடைய பாதை மூடப்படுகிறது, பார்ப்பது என்ற பெயரில் யாருக்குத் திறக்கிறது என்று தனித்தனியாகக் கேட்கவேண்டியிருக்கிறது. ‘குணா’ படம் 1991இல் வந்தது. பிசாசின் சமையலறை என்று வெள்ளையர் பெயரிட்டிருந்த குகைப் பள்ளம் குணா குகை ஆனது. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்ததும் மறுபடி கூட்டம். ஒரு பாறைப் பிளவு இரண்டு படங்களுக்கு இடையில் நினைவிடமாக மாறுகிறது. பளியர்கள் அதை என்ன பெயரால் அழைத்தார்கள் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

கடற்கரைக்கு வருகிறேன். 2001 மே மாதத்தில் அப்பாவோடு இராமேஸ்வரம் டிரிப். விருதுநகர் பக்கத்துக் குடும்பம், பதினேழு பேர். அப்போது முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் தனுஷ்கோடிக்கு உள்ளூர் வேன்களிலும் ஜீப்புகளிலும்தான் மணலில் போகவேண்டும். நாங்கள் வண்டியோடு நின்றுவிட்டோம். இரண்டு மணிநேரம் கழித்துத் திரும்பியவர்களில் ஒரு பெரியவர் சொன்னார்: ‘ஒண்ணுமே இல்லப்பா. வெறும் மணலு. ஒரு இடிஞ்ச சர்ச்சு.’ அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை, நிறைவு இருந்தது. ஒன்றுமில்லாததைப் பார்த்துவந்த நிறைவு. இது எப்படிச் சாத்தியமாகிறது?

1914லிருந்து தனுஷ்கோடி ரயிலும் கப்பலும் சந்திக்கும் துறை. அங்கிருந்து தலைமன்னார். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள் மண்டபம் முகாமில் அடைக்கப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்து, இந்த வழியாகக் கடந்தார்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயல். பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் கடலுக்குள் போனது, அதில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஊர் வாழத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு வாழ்ந்தன, மின்சாரம் இல்லாமல், ஊற்றுத் தோண்டிக் குடித்துக்கொண்டு. ‘ஒண்ணுமே இல்ல’ என்ற வாக்கியம் இந்தக் குடிசைகளைத் தாண்டிப் போய்வந்தவரின் வாக்கியம். சங்கு மாலை விற்ற பெண்ணிடம் பேரம் பேசிவிட்டு வந்தவரின் வாக்கியம். பாழ் என்று பார்க்கத் தயாராகப் போனவருக்கு அங்கே இருப்பவர்கள் பாழின் ஒரு பகுதியாகத் தெரிவார்கள். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்துவிட்டது. மணலில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்களின் அந்த வித்தை அத்தோடு போனது. டயரில் எவ்வளவு காற்றை இறக்கினால் மணலில் சிக்காது என்பது ஓர் அறிவு. அதற்கு நினைவுச்சின்னம் கிடையாது.

*

பயணத்தை வேறு மாதிரி சொல்ல முடியுமா? முடிந்திருக்கிறது. ஆற்றுப்படையைப் புரவலர் புகழ்ச்சி என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். எனக்கு அது பசித்தவர்கள் பசித்தவர்களுக்குச் சொல்லும் வழிகாட்டி. சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டுக்குப் போகச் சொல்லும் வழியில், கடற்கரையில் எயிற்பட்டினம் வருகிறது. இன்றைய மரக்காணம் என்று அடையாளம் காண்கிறார்கள். அங்கே பரதவர் மீன் சுட்டுத் தருவார்கள், வேலூரில் எயினர் இறைச்சியோடு சோறு தருவார்கள், ஆமூரில் உழவர் வீட்டில் நண்டோடு சோறு. நிலத்தின் அழகு வருகிறது, வராமல் இல்லை. ஆனால் அந்த நிலத்தில் உன்னை யார் உட்காரவைத்து என்ன போடுவார் என்பதோடு சேர்ந்து வருகிறது. அதே பாட்டில் கொற்கையைப் பற்றிச் சொல்லும்போது உமணர் வண்டித் தொடரோடு வந்த ஒரு மந்தி, சிப்பிக்குள் முத்தைப் போட்டுக் கிலுகிலுப்பையாக்கி உமணப் பிள்ளைகளோடு விளையாடுகிறது. வண்டியோடு வந்த பிள்ளைகள். வியாபாரம் முடியும்வரை மணலில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள். எம்.ஏ. முதலாண்டில் அந்த அடிகளை வாசித்தபோது ஹாஸ்டல் அறையில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். முகுந்தராயர் சத்திரத்தில் நான் செய்ததும் அதுதான்: ஒரு சிப்பிக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

2012இல் நண்பர்களோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குக் காரில் போனேன், என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பின்னிருக்கையில். மரக்காணம் உப்பளம் வந்தது. வெள்ளைக் குவியல்கள், மேலே வெயில். ‘நிறுத்து நிறுத்து, செம சீன்’ என்றான் ஒருவன். இறங்கினோம். கேமராவை உயர்த்தியதும் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா ஒருத்தர் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டார். படம் நன்றாக வந்திருந்தது. பிறகு அதைச் சிலர் கவிதை என்றார்கள். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, நான் எடுத்தது. ஓட்டுநரின் மகன் என்ற பிறப்புச் சான்றிதழ் பின்னிருக்கையில் உட்கார்ந்த ஒரு மணிநேரத்தில் காலாவதியாகிவிடும் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம். ஆகவே இந்தக் கட்டுரையை நான் எந்த இருக்கையிலிருந்து எழுதுகிறேன் என்பதும் கேள்விக்குரியதே. அப்பாவை ஒரு பிரதியாக வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நண்பர் இதன் முதல் வடிவத்தைப் படித்துவிட்டுச் சொன்னார். மறுக்கவில்லை.

*

2024 ஜூலையில் அப்பாவைக் கொடைக்கானலுக்கு அழைத்துப்போனேன். கண்ணில் புரை, சர்க்கரை. வண்டியை விட்டு ஆறேழு வருடம் ஆகிறது. உயர் நீதிமன்ற உத்தரவால் அந்த ஆண்டு மே 7 முதல் மலைக்கு இ-பாஸ் வந்திருந்தது. செல்போனில் நான் விவரங்களை நிரப்பும்போது, ‘ஆளு எண்ணிக்கைல டிரைவரச் சேத்தியா?’ என்று கேட்டார். சேர்த்திருந்தேன்.

வாடகைக் கார், ஓட்டுநர் இருபத்தைந்து வயசுப் பையன். அப்பா முன்னிருக்கையில். ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. பேசவேயில்லை. டம் டம் பாறையில் நிறுத்தினோம். நான் தடுப்பருகே போய்த் திரும்பிப் பார்த்தால் அவர் கீழே குனிந்து பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். பையன் சிரித்துக்கொண்டே, ‘ஐயா, இது நிக்கும்யா, நீங்க போயிப் பாருங்க’ என்றான். கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். எலிவால் அருவியில் அன்றைக்குத் தண்ணீர் நன்றாக இருந்தது. புரையோடு அவருக்கு எவ்வளவு தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

‘இதுக்குத்தான் நிறுத்தச் சொல்லுவாகளா?’ என்றார்.

படம் எடுக்கட்டுமா என்றேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். அருவி தெரியவேண்டும் என்பதற்காக நான் அவரைக் கொஞ்சம் இடப்பக்கம் நகரச் சொன்னேன்.

விடுதியில் ஓட்டுநர்களுக்குத் தனி அறை இருந்தது. 2023இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி, விருந்தினர்களோடு வரும் ஓட்டுநர்களுக்கு விடுதிகள் படுக்கையும் கழிப்பறையும் தரவேண்டும் என்று ஆக்கியது. அப்பாவுக்கு இதை நான் முன்பே சொல்லியிருந்தேன், நம்பவில்லை. பெட்டியை இறக்கியதும் முதல் வேலையாகப் பையனோடு போய் அந்த அறையைப் பார்த்துவந்தார். ‘கட்டில் போட்ருக்கான்டா. கம்பளி இருக்கு. வெந்நி வருது’ என்றார். முப்பது வருடம் மே மாதத்து மலைக் குளிரில் வேன் சீட்டில் தூங்கியவர். ராத்திரி சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் பேசிட்டு வரேன் என்று அங்கே போனவர் வரவில்லை. பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தேன். திருப்பூர் வண்டிக்காரர் ஒருவரும் கேரளா வண்டிக்காரர் ஒருவரும் எங்கள் பையனும் உட்கார்ந்திருக்க, அவர் பழைய லெய்லாண்டு வண்டி ஒன்று பிரேக் பிடிக்காமல் இறங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் கியர் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நிற்பதைப் பார்த்து, ‘நீ போய்ப் படு, இங்க ஒரு கட்டில் காலியாத்தான் கெடக்கு’ என்றார்.

இரண்டு பேருக்காக எடுத்த அறையில் நான் மட்டும் படுத்திருந்தேன். பள்ளத்தாக்கு தெரியும் அறை என்று அதற்குக் கூடுதல் கட்டணம் வாங்கியிருந்தார்கள்.